நடையில் பத்தொன்பது, மேலறையில் பதின்மூன்று

மனைவியின் தாயார் யாழ்ப்பாணத்தில் இறந்தது தை மாதத்து முதல் சனிக்கிழமை. அதற்கு இரண்டு நாள் முன்னர், வியாழக்கிழமை, என் அண்ணரை நியூமோனியா என்று ஆஸ்பத்திரியில் மறித்து வைத்துக்கொண்டார்கள். இந்த இரண்டும் ஒரே கிழமையில் வந்திராவிட்டால் நான் இங்கே எழுதப்போகும் எதுவும் நடந்திராது.

அண்ணர் பாரிஸில் இருபத்தெட்டு வருஷம் உணவகச் சமையலறைகளில் நின்றவர். பிள்ளைகள் இல்லை. அண்ணி இறந்தபின், எட்டு வருஷத்துக்கு முன், லண்டன் பக்கம் இல்ஃபோர்டில் எங்களோடு வந்து சேர்ந்தார். அப்போதே அவருடைய நுரையீரல் பழுதாகியிருந்தது. படியேறி மேலே போய்ச் சேர்ந்ததும் கட்டில் விளிம்பில் குந்தியிருந்து, மூச்சு திரும்பும்வரை யாரோடும் பேசமாட்டார். மூன்று பேர் மட்டும் உள்ள வீடு எங்களது. நான் ரயில் நிலையத்தில் ஷிப்ட் வேலை. ஆஸ்பத்திரி, மருந்து, அண்ணருக்கு ஏற்ற சாப்பாடு எல்லாம், அவரை அத்தான் என்று கூப்பிடும் மனைவியின் கையில்தான் இருந்தன.

சனிக்கிழமை பின்னேரம் அவள் போனில் டிக்கெட் தேடினாள். மறுநாள் காலை விமானத்தில் இடம் இருந்தது. பத்து நிமிஷம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

“அத்தானை இந்த நிலைமையிலை விட்டிட்டுப் போக ஏலாது.”

“நான் லீவு எடுக்கிறன். நீ போ.”

“நீங்கள் டொக்டர் சொல்லுறதை எழுதி வைப்பியள். அவருக்கு மூச்சு மாறுறது உங்களுக்குத் தெரியாது.”

இதை அவள் கோபத்தோடு சொல்லவில்லை. உண்மை என்பதால் நானும் மறுக்கவில்லை. திங்கட்கிழமை காலை எட்டரைக்குச் செத்தவீட்டைப் போனில் பார்த்தோம். சவம் வாசற்படலை தாண்டும்போது படம் உறைந்து நின்றுவிட்டது. மறுபடி தெரிந்தபோது முற்றத்தில் கதிரைகள் மட்டும் கிடந்தன.

தாயாரின் படத்தை எங்கே வைப்பது என்பது ஒரு கேள்வியாக இருந்தது. மரணத் தீட்டு, துடக்கு என்பதால் சாமித்தட்டு இருந்த முன்னறையில் வைக்க அவள் விரும்பவில்லை. தட்டுக்குத் திரை போட்டுவிட்டாள். சமையலறையில் புகை. மிஞ்சியது, வாசற் கதவைத் திறந்ததும் வரும் ஒடுங்கிய நடை. அதில் ஒரு சுவரில், வெந்நீர் ஓடி வீட்டைச் சூடாக்கும் ரேடியேட்டர். மற்றச் சுவர் வெறுமையாக இருந்தது. அங்கே ஒரு சிறு மேசை போட்டு, வெள்ளைத் துணி விரித்து, படத்தைச் சாய்த்து வைத்து, முன்னால் இரண்டு திரி போட்ட எண்ணெய் விளக்கை ஏற்றினாள். கடிதம் போடும் துளையால் காற்று வரும் என்று விளக்கைச் சுற்றி ஒரு கண்ணாடிக் கூண்டும் வைத்தாள்.

“அந்தியேட்டி மட்டும் நூராமல் எரியவேணும். நான் அம்மாவுக்குச் செய்யிறது இது ஒண்டுதான்.”

முப்பத்தோராம் நாள் கிரியைவரை, அணையாமல். அந்த வசனத்தை அன்றே குறிப்புப் புத்தகத்தில் எழுதினேன். பதினாறு வருஷமாக எனக்கு அந்தப் பழக்கம் உண்டு. முதல் உறைபனி விழுந்த நாள், கடிகாரம் மாற்றிய நாள், பொயிலர் சேர்விஸ் செய்த நாள் எல்லாம் அதில் இருக்கும். பழைய நாட்குறிப்புகளை விரும்பிப் படிப்பவன் நான். நூறு வருஷத்துக்கு முன் எவரோ எழுதிவைத்த காலநிலையில்கூட ஒரு குடும்பத்தின் கதை ஒளிந்திருக்கும் என்று நம்புபவன்.

அண்ணர் ஐந்தாம் நாள், புதன்கிழமை, வீடு வந்தார். அனுப்பிய தாதி என்னைத் தனியே கூப்பிட்டு, வீட்டைப் பதினெட்டுப் பாகைக்குக் கீழே போகவிட வேண்டாம், குளிர் இவருடைய நெஞ்சுக்குக் கூடவே கூடாது, இன்னொரு தடவை இப்படி வந்தால் திரும்ப எழும்புவாரோ தெரியாது என்றார். அதையும் எழுதிக்கொண்டேன். வரும் வழியில் ஒரு வெப்பமானி வாங்கினேன்.

அதை நான் மாட்டிய இடம் நடைச் சுவர். அங்கேதான் தெர்மோஸ்டாட் இருந்தது. எங்களுக்கு முன் இருந்தவர்கள் பூட்டிய பழைய வட்ட டயல், ரேடியேட்டர்களுக்கு வெந்நீர் அனுப்பும் பொயிலரோடு கம்பியால் இணைத்தது. வீட்டின் வெப்பத்தை அளக்கும் கருவி இருக்கும் இடம்தானே அளப்பதற்குச் சரியான இடம் என்று நினைத்தேன். டயலைப் பத்தொன்பதில் வைத்தேன். காலை, மத்தியானம், பின்னேரம் என்று நாளுக்கு மூன்று தடவை பார்த்து எழுதினேன். பத்தொன்பது. பத்தொன்பது. இருபது. பத்தொன்பது. ஐந்து நாளும் அப்படியே.

வீடு குளிராக இருப்பது எனக்கும் தெரியாமல் இல்லை. காலில் இரண்டு சோடிக் காலுறை போட்டிருந்தேன். மரணம் வந்த வீடு கொஞ்சம் குளிரத்தான் செய்யும், நித்திரை குறைந்தால் உடம்பு குளிரும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அண்ணரிடம் கேட்டால் ஒரே பதில்தான்.

“குளிருதோ அண்ணை?”

“சீச்சீ. பாரிஸிலை நான் பாக்காத குளிரோ.”

பத்தாம் நாள், திங்கட்கிழமை, மனைவி ஏதோ வேலையாக இருந்ததால் தேத்தண்ணியை நான் மேலே கொண்டுபோனேன். அண்ணர் கட்டிலில் வெளியே போகும் கோட்டோடு, கம்பளித் தொப்பியோடு, போர்வைக்குள் சாய்ந்திருந்தார். கோப்பையிலிருந்து எழுந்த ஆவி வழக்கத்தைவிடத் தடிப்பாக இருந்தது. ரேடியேட்டரைத் தொட்டேன். சுவரும் அதுவும் ஒரே சூடு. கீழே ஓடிப்போய் வெப்பமானியைக் கழற்றி வந்து அவருடைய மேசையில் வைத்துக் கால் மணித்தியாலம் காத்திருந்தேன்.

பதின்மூன்று.

“உதை ஏன் இஞ்சை கொண்டந்தனி? அது கீழை மாட்டினதெல்லோ?” என்றார் அண்ணர்.

அன்றும் மறுநாளும் நான் செய்தவை எல்லாம் ஒழுங்காகக் குறிப்பில் இருக்கின்றன. பொயிலரின் அழுத்தமானி ஒன்றுக்கும் ஒன்றரைக்கும் இடையில், அது இருக்க வேண்டிய இடத்தில் நின்றது. நேரம் போடும் கடிகாரம் சரி. ஐப்பசியில் மாற்றியது நானேதான். ரேடியேட்டர்களைச் சாவிபோன்ற சிறு திறப்பால் ஒவ்வொன்றாகத் திறந்து காற்றை விட்டேன். இரண்டில் சீறிக்கொண்டு கொஞ்சம் காற்று வந்தது, மற்றவற்றில் உடனே தண்ணீர். அண்ணரின் ரேடியேட்டரில் இருக்கும் வால்வின் தலையைக் கழற்றி உள்ளே இருக்கும் ஊசி இறுகிவிட்டதோ என்று அழுத்திப் பார்த்தேன். இலகுவாகப் போய் வந்தது. வெளிச்சுவரில் பொயிலரின் கழிவுநீர்க் குழாய் உறைந்திருக்கலாம் என்று வெந்நீர் ஊற்றினேன். அது உறையவே இல்லை. பொயிலர் காலையில் எரியத் தொடங்கும், சில நிமிஷத்தில் நின்றுவிடும், பிறகு மணிக்கணக்காக வாய் திறக்காது. இந்த நேரமெல்லாம் அந்த மேசையைத் தாண்டித்தான் நான் போய்வந்தேன். எண்ணெய் குறைந்திருந்தால் ஊற்றியும் விட்டேன்.

பன்னிரண்டாம் நாள், புதன்கிழமை, காஸ் என்ஜினியர் வந்தார். எங்கள் ஆள்தான். ஸ்விஸ்ஸில் இந்தத் தொழிலைப் படித்துவிட்டுப் பிறகு லண்டன் வந்தவர், என்னைவிட வயது குறைந்தவர். கதவடியில் சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் படத்துக்கு முன் கைகட்டிக் கொஞ்ச நேரம் நின்றார். போகும்போது விளக்குக்கு மேலே கையைப் பிடித்தார். தலையை உயர்த்திச் சுவரைப் பார்த்தார். பிறகு பொயிலர் இருந்த சமையலறைக்குள் போனவர் அதன் மூடியைத் திறக்கவே இல்லை. மனைவி மேலே இருக்கிறாளா என்று கேட்டுவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“அண்ணை, பொயிலருக்கு ஒண்டும் இல்லை. அது சொன்ன சொல்லுக் கேக்குது.”

“பிறகு?”

“தெர்மோஸ்டாட்டுக்குக் கீழை ரெண்டடியிலை விளக்கு எரியுது. சூடு நேரை மேலை போய் அதிலை படுகுது. அது வீட்டுக்குச் சூடு போதும் எண்டு நினைச்சுப் பொயிலரை நிப்பாட்டுது. அந்தச் சுவரிலை ரேடியேட்டர் இல்லாதபடியாத்தான் தெர்மோஸ்டாட்டை அங்கை பூட்டினவங்கள். நீங்களும் அந்தச் சுவர் வெறுமையாக் கிடந்தபடியா அங்கையே மேசையைப் போட்டிருக்கிறியள்.”

நான் பக்கத்திலேயே மாட்டிய வெப்பமானியும் அந்த விளக்கைத்தான் பத்தாம் நாள்வரை அளந்துகொண்டிருந்தது என்பது அப்போதுதான் விளங்கியது.

“மேசையைத் தள்ளி வைச்சாச் சரி. ஒரு நிமிச வேலை.”

“அது ஏலாது தம்பி. முப்பத்தொரு நாளைக்கு எண்டு ஏத்தினது.”

“அக்காட்டைக் கேட்டுப் பாருங்கோவன்.”

“அவ அம்மாவின்ரை செத்தவீட்டுக்குப் போகேல்லை. என்ரை அண்ணைக்காகத்தான் நிண்டவ. இப்ப அந்த விளக்காலைதான் அண்ணைக்குக் குளிருது எண்டு நான் எப்பிடிச் சொல்லுறது?”

அவர் தலையைச் சொறிந்தார். “ஸ்விஸ்ஸிலை எண்டா விளக்குக்கும் ஒரு ஃபோர்ம் நிரப்பச் சொல்லுவாங்கள்” என்றார். நான் சிரிக்கவில்லை என்று கண்டதும், கம்பியில்லாத தெர்மோஸ்டாட் ஒன்றை எந்த அறையிலும் வைக்கலாம், இப்போது கையில் இல்லை, திங்கட்கிழமை கொண்டுவந்து பூட்டித் தருகிறேன் என்றார். எனக்கு மூச்சு வந்தது. திங்கள் வரை சமாளித்தால் போதும். யாருக்கும் எதையும் சொல்லத் தேவையில்லை.

மனைவி இறங்கி வந்து, “என்னவாம்?” என்று கேட்டாள்.

“ஒரு சாமான் மாத்தவேணுமாம். திங்கள் வருவார்.”

அன்றைக்கே டயலை இருபத்தெட்டுக்குத் திருப்பினேன். மேலே ரேடியேட்டர்கள் உண்மையாகவே சூடேறின. வியாழன் வேலைக்குப் போய் வந்து பார்த்தபோது டயல் மறுபடி பத்தொன்பதில் இருந்தது. “ஆரோ கையை வைச்சு இருபத்தெட்டிலை விட்டிருக்கிறியள், வீடு அவிஞ்சு போச்சு, அத்தானுக்கு மூச்சு முட்டு இழுக்கப் போகுது” என்று அவள் ஏசினாள். அந்த இடத்தில் நான் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. ஒரு மின்சார ஹீட்டர் வாங்கி அண்ணரின் அறையில் வைத்தேன். நான் வேலைக்குப் போனதும் அவர் அதை நிறுத்திவிடுவார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. தொண்டை காயுதாம். வெள்ளியும் சனியும் அவருக்கு இருமல் கூடியது. குறிப்பில் வெள்ளிக்கிழமைக்கு நேரே, “மேலறை, காலை 14. அவளிடம் நாளை சொல்ல வேண்டும்” என்று இருக்கிறது. சனிக்கிழமைக்கு நேரே வெப்பநிலை மட்டும் இருக்கிறது.

பதினாறாம் நாள், ஞாயிறு காலை, மனைவி கஞ்சி கொண்டு மேலே போனவள் என்னைக் கூப்பிட்ட விதத்திலேயே விளங்கிவிட்டது. அண்ணரின் உதடு நீலம் பாரித்திருந்தது. கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டினார். அம்புலன்ஸ் வந்து கொண்டுபோனது.

ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டொக்டர், வீடு எப்படி, ஹீட்டிங் வேலை செய்கிறதா என்று கேட்டார். மனைவி, “ஓம், பத்தொன்பதிலை வைச்சிருக்கிறம், இவர் ஒவ்வொரு நாளும் எழுதிறவர்” என்று ஆங்கிலத்தில் சொன்னாள். சொல்லிவிட்டு, எனக்காகச் சாட்சி சொல்பவள்போல, என் பக்கம் திரும்பினாள். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து கதவைத் திறந்ததும், நடையிலேயே நின்று, கோட்டையும் கழற்றாமல் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் விளக்கைப் பார்த்தாள். பிறகு என்னை.

“உங்களுக்கு எப்ப தெரியும்?”

“புதன்கிழமை.”

“இண்டைக்கு ஞாயிறு.”

“நீ இதை ஏத்தேக்கை சொன்னதை நினைச்சன். நீ போகேல்லை. இது ஒண்டாவது...”

“நூராமல் எரியவேணும் எண்டுதானே சொன்னனான். அசைக்கக் கூடாது எண்டு நான் எப்ப சொன்னனான்? கோயில்லை விளக்கை ஆரும் தூக்கிக்கொண்டு நடக்கிறேல்லையோ?” அவள் குரல் உயரவில்லை. “அம்மா இருந்திருந்தா, நோயாளி இருக்கிற வீட்டிலை என்னடி வேலை பாக்கிறாய் எண்டு முதல் எனக்குத்தான் அடி விழுந்திருக்கும். என்ரை மனுசருக்கு என்னைத் தெரியேல்லை.”

கண்ணாடிக் கூண்டை என் கையில் தந்துவிட்டு, எரியும் விளக்கை இரண்டு கையாலும் எடுத்தாள். சுடர் ஒரு பக்கம் சாய்ந்து, மறுபடி நிமிர்ந்தது. படத்தையும் மேசையையும் நான் தூக்கிவந்து, முன்னறை மூலையில், திரை போட்ட தட்டிலிருந்து விலக்கி வைத்தேன். எல்லாம் சேர்த்து இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. கொஞ்ச நேரத்தில் பொயிலர் எரியத் தொடங்கியது. நிற்கவே இல்லை. பின்னேரம் மேலறை இருபது பாகைக்கு வந்தது. அங்கே அப்போது யாரும் இல்லை.

திங்கட்கிழமை என்ஜினியருக்குப் போன் எடுத்து, வர வேண்டாம் என்று சொன்னேன். காரணம் கேட்டார். சொன்னேன். “ஐயோ அண்ணை, நான்தான் அண்டைக்கே அக்காட்டைச் சொல்லியிருக்க வேணும்” என்றார். அவருக்கு அதில் ஒரு பங்கும் இல்லை.

அண்ணர் பத்து நாளுக்கு மேல் அங்கே கிடந்தார். இனி அவருக்கு வீட்டிலும் மூச்சுக்கு ஒட்சிசன் வேண்டும் என்று முடிவாயிற்று. இருபத்தாறாம் நாள், புதன்கிழமை, இயந்திரத்தைப் பூட்ட ஒருவர் வந்தார். நீண்ட குழாயை அறைக்கு அறை இழுத்துக் காட்டினார். பிறகு முன்னறைக்குள் எட்டிப் பார்த்தவர் நின்றுவிட்டார். மிகவும் மரியாதையாகத்தான் சொன்னார். இந்த இயந்திரம் ஓடும் வீட்டில் திறந்த நெருப்பு ஆகாது. மெழுகுதிரி, ஊதுபத்தி, விளக்கு எதுவும். நோயாளி அடுப்புப் பக்கமும் போகக்கூடாது. நான் இன்னும் ஐந்து நாள்தான் என்று கெஞ்சினேன். அவர் கையெழுத்து வாங்கும் தாளை நீட்டியபடி, தனக்கு வருத்தமாக இருக்கிறது என்றார்.

மனைவி கேட்டுக்கொண்டு நின்றாள். என்ஜினியர் வந்த அந்தப் பன்னிரண்டாம் நாளே நான் வாயைத் திறந்திருந்தால் விளக்கு முன்னறைக்குப் போயிருக்கும், அண்ணர் மேலறையில் இருந்திருப்பார், முப்பத்தொரு நாளும் எரிந்திருக்கும். அவள் போய் விளக்கின் முன் சம்மணம் கட்டி இருந்தாள். கொஞ்ச நேரம் உதடு அசைந்தது. பிறகு ஊதாமல், ஒரு பூக்காம்பால் திரிகளை ஒன்றன்பின் ஒன்றாக எண்ணெய்க்குள் இழுத்துவிட்டாள்.

மறுநாள் அண்ணர் வந்தார். படியேற முன் முன்னறை வாசலில் நின்று படத்தைப் பார்த்தார்.

“விளக்கு எங்கை பிள்ளை?”

“முடிஞ்சுது அத்தான்.”

“இன்னும் நாள் கிடக்கே?”

“அம்மா எதுக்கும் முந்திக்கொண்டு நிக்கிற ஆள்தானே.”

அவர் நம்பவில்லை. நான் அவருக்குப் பக்கத்தில் நின்று, இந்தத் தடவை நாளை என்று தள்ளிப்போடாமல், நடந்ததைச் சொன்னேன். மூக்கில் செருகிய குழாயைத் தொட்டபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

“நானும் குளிருது எண்டு சொல்லேல்லைத்தானே” என்றார் கடைசியில்.

“ரெண்டு பேரும் ஒரே வயித்திலை பிறந்தனியள்” என்றாள் மனைவி. “வாய் மட்டும் ரெண்டு பேருக்கும் வைக்க மறந்திட்டினம்.”

அவள் என்னோடு பேசியதுபோல வந்தது பதினொரு நாளுக்குப் பிறகு அதுதான் முதல் தடவை.

முப்பத்தோராம் நாள் திங்கட்கிழமை. யாழ்ப்பாணத்தில் அவளுடைய தம்பி அந்தியேட்டி செய்துகொண்டிருந்தார். இங்கே அவள் தாயாருக்குப் பிடித்த கறிகளைச் சமைத்து, விளக்கில்லாமல், படத்துக்கு முன் படைத்தாள். ஒரு செம்பில் தண்ணீரும் பூவும் வைத்தாள். அண்ணர் கீழே வரப்போவதாகப் பிடிவாதம் பிடித்தார். பதின்மூன்று படி. மூன்று இடத்தில் குந்தியிருந்து, ஆறி ஆறி இறங்கினார். குழாய் அவருக்குப் பின்னால் படியில் தட்டித் தட்டி வந்தது. முதல் சோறு படத்துக்கு, இரண்டாவது அவருக்கு. நான் நடையில் நின்று பார்த்தேன். தெர்மோஸ்டாட் இருபத்தொன்றில் இருந்தது. ரேடியேட்டர் கைவைக்க முடியாத சூடு.

இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு அவர் கையை நிறுத்தினார். நாங்கள் கேட்க முன்னரே வாயைத் திறந்தார்.

“பிள்ளை,” என்றார். “எனக்குக் கொஞ்சம் குளிருது.”

இருபத்தொன்று என்று நான் சொல்லவில்லை. மேலே போய் அவருடைய போர்வையை எடுத்து வந்தேன். நான் வருவதற்குள் அவள் தன் சால்வையைக் கழற்றி அவர் தோளில் போட்டிருந்தாள்.